இருபத்து நாலாவது நாள்

மூட்டைக் கணக்குச் சிட்டையின் பின்பக்கம்
பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்:
உயரம் எண்ணூற்றுப் பதினேழு கிலோமீட்டர்.
ஒரு படப்புள்ளி இருபத்து மூன்றரை மீட்டர்.
திரும்பி வர இருபத்து நாலு நாள்.
முன்பக்கம்
கிழங்கு வண்டி ஆறு, விறகு பாக்கி.

போன தடவை மூன்று மதிப்பெண்ணில் போயிற்று.
அதற்கு முந்தின தடவை பற்றிப் பேச வேண்டாம்.
தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு பிடிப்பார்கள்
என்று தெரிந்தும்
'எல்லா அலைவரிசையிலும் வெளிச்சமாய்த் தெரிவது எது'
என்ற கேள்விக்கு
ஈரமண், மேகம், தெளிந்த நீர், நிழல்
இந்த நான்கில்
நான் தேடியது ஜவ்வரிசியை.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி எங்கள் ஆலைக் களம்,
ஒன்றரை ஏக்கர் சிமெண்டுத் தரை.
வெயில் ஏறினால் கண் கூசும்.
மேற்கே வெள்ளைக்கல் சுரங்கமும் அப்படித்தான்.
தோண்டிக் குவித்த வெள்ளையும்
அரைத்துப் பரப்பிய வெள்ளையும்
மேலிருந்து ஒன்றாகத்தான் படும் என்று நினைத்தேன்.
இல்லையாம்.
அகச்சிவப்பில் பிரிந்துவிடுமாம்.
பக்கம் நூற்றுப் பதினொன்று. அடிக்கோடு போட்டாயிற்று.

பொய்வண்ணப் படத்தில் செடிகொடி சிவப்பு.
சேர்வராயன் மலை முழுக்க
ரத்தம் கட்டினது போல் இருக்கும்.
படித்த புதிதில்
பஸ் ஜன்னலில் மலை பச்சையாய் வந்தபோது
ஏதோ அச்சுப்பிழை என்று பட்டது.

அன்றைக்கு இருபத்து நாலாவது நாள்.
களம் பரப்பும் மாதையனிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.
"பத்தரைக்குப் போவுதுங்களா?"
பத்தரை என்பது நிலநடுக்கோட்டில், அங்கத்து வெயில் கணக்கில்.
நம் கடிகாரத்துக்குப் பதினொன்று ஆகப் பார்க்கும்.
"நம்மள அதுக்குத் தெரியுமா?"
நீயும் நானும் தெரியமாட்டோம். களம் தெரியும்.
"அப்ப நல்லாப் பரப்பிடறேன்" என்று
மூலைவரை நிரவினான்,
யாரோ பெண் பார்க்க வருகிற மாதிரி.

பத்தரைக்கு மலைப்பக்கம் கருத்தது.
பிறகு குப்பனூர் இல்லை.
தார்ப்பாய் தார்ப்பாய் என்று முதலாளி கத்த
கணக்குப்பிள்ளை நானும்
செருப்பை உதறிவிட்டு ஓடினேன்.
நீலத் தார்ப்பாய், பதினெட்டடிக்கு இருபத்து நாலடி.
ஒரு படப்புள்ளியை மூடப் பதினாலு வேண்டும்
என்று இழுக்கிறபோதே மனசு கணக்குப் போட்டது.
வெட்கமாக இருந்தது.
எங்களிடம் ஒன்பதுதான், அதில் இரண்டு ஓட்டை.
"ஏம் புள்ள, வானத்துல என்ன பராக்கு?
அந்த முனையப் புடி" என்றாள் செங்கம்மா.
பிடித்தேன்.
பதினொன்றுக்கு மூன்று நிமிடம்.
போயிருக்கும்,
வடக்கிலிருந்து தெற்கே, சொன்ன சொல் தவறாமல்.
அதற்கும் எங்களுக்கும் நடுவே
ஐப்பசி மேகம் ஒன்று, சேலம் அளவுக்கு.

ராடார் என்றால் மேகத்தைத் துளைத்திருக்கும்.
ஈரத்தையும் அளந்திருக்கும்.
சாயங்காலம் முதலாளி அளந்தார்.
நான் சிட்டையில் எழுதினேன்:
நனைந்து வீண், மூட்டை பதினொன்று.

இரண்டு வாரம் கழித்து, விடுதியில்,
அறைத்தோழியின் கணினியில் அந்த நாளை இறக்கினேன்.
அயோத்தியாப்பட்டணம் வெள்ளை. குப்பனூர் வெள்ளை.
மலையின் உச்சியில் மட்டும்
சிவப்பாய் ஒரு நூல்.
பெரிதாக்கினேன். கட்டம் கட்டமாய் வெள்ளை.
ஏதோ ஒரு கட்டத்துக்கு அடியில்
பதினேழு பேர் வெறுங்காலோடு
குழைந்த மாவை வழிக்கிறார்கள்.
மேகம் என்று எழுதினால் முழு மதிப்பெண்.
எழுதிப் பழகினேன். மேகம். மேகம்.

அடுத்த தேதிக்கு இன்னும் பத்து நாள்.
நான் வட்டம் போடுவதை மாதையன் எட்டிப் பார்த்தான்.
"அன்னைக்காச்சும் மழை வராதுங்களா?"
அது வேற பாடம் என்றேன்.
"அதையும் சேத்துப் படிச்சிருங்கக்கா"
என்று போய்விட்டான், களத்தைக் கூட்ட.